அம்மா அடித்த ப்ரைமர்

ஜனவரி 8

என் சின்னவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்டால் பதில் வராது என்று தெரியும். இருந்தாலும் கேட்டு வைக்கிறேன். போன் நம்பரை மாற்றிவிட்டாய். மாடிவீட்டு டீச்சரிடம் உன் முகவரி இருக்கிறது என்று போன வாரம்தான் தெரிந்தது. பெற்றவளுக்குக் கிடையாது, மாடிவீட்டுக்கு உண்டு. சரி, இருக்கட்டும். கெஞ்சிக் கூத்தாடித்தான் வாங்கினேன். அவளைத் திட்டாதே.

விஷயத்துக்கு வருகிறேன். பின்பக்கத் தகரக் கொட்டகையில் உன் கார் நீ விட்டுப்போனபடியே நிற்கிறது. கதவு இரண்டு, பானெட், டிக்கி மூடி, மட்கார்டு நான்கு, எல்லாவற்றையும் கழற்றிச் சுவரில் சாய்த்துப் போர்வை போர்த்திவிட்டுப் போனாயே, இத்தனை நாளும் நான் அந்தப் போர்வையைத் தொடவில்லை. போன மாதம் விலக்கிப் பார்த்தேன். முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருக்கின்றன. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

ப்ரைமர் அடித்தால்தான் மேலே கலர் நிற்கும் என்று நீ சொல்லிக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அதை நானே அடிக்கலாம் என்றிருக்கிறேன். சிரிக்காதே. முப்பது வருஷம் தையல் மிஷின் மிதித்தவள், கை ஒன்றும் நடுங்காது. கம்ப்ரஸரும் ஸ்ப்ரே கன்னும் நீ வைத்த இடத்தில்தான் இருக்கின்றன. எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று மட்டும் எழுது. உனக்கு நான் செய்ய முடிந்தது இதுதான் என்று தோன்றுகிறது.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா


ஜனவரி 21

அம்மாவுக்கு,

கடிதம் கிடைத்தது. நான் நலம். இங்கே ஒரு படகுப் பட்டறையில் வேலை. இதுவும் அந்தக் கார் மாதிரி, கண்ணாடி நாரில் வார்க்கிற பைபர்கிளாஸ்தான்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: பைபர்கிளாஸ் பேனலை அச்சில் வார்த்து எடுக்கும்போது ஒட்டாமல் கழன்று வர மெழுகு தடவுவோம். அந்த மெழுகு இன்னும் மேலே இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதை எடுக்காமல் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும், பிறகு எந்தப் பெயிண்டும் பிடிக்காது. அதனால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பு போட்டு வெந்நீரில் கழுவுங்கள். காய்ந்ததும் எண்ணெய்ப்பசை எடுக்கிற திரவம் பெயிண்ட் கடையில் கிடைக்கும், அதை ஒரு துணியில் நனைத்துத் துடைத்து, காய்வதற்குள் இன்னொரு துணியால் ஒற்றி எடுங்கள். அதன்பிறகுதான் 320 நம்பர் உப்புத்தாள். பளபளப்பு போனால் போதும். வெள்ளை மேல்தோல் தேய்ந்து உள்ளே நார் தெரிந்துவிட்டால் அந்த இடம் வீண்.

இன்னொன்றும் எழுத வேண்டியிருக்கிறது. நாலு வருஷம் முன்னால் கார் கம்பெனியிலிருந்து இரண்டு பேர் வந்து அந்தக் காரைப் பார்த்தார்கள். "யார் செஞ்சது?" என்று கேட்டார்கள். அண்ணன் "நான்தான் சார்" என்றான். நான் முழங்கை வரைக்கும் ரெசின் பசை ஒட்டிக்கொண்டு கொட்டகை வாசலில் நின்றேன். நான் சொல்ல வாயெடுத்தபோது நீங்கள் பேசாதே என்று கண்ணைக் காட்டினீர்கள். காபித் தட்டை நீட்டிக்கொண்டே, "ஆமா சார், எல்லாம் அவன் கைவேலைதான். இவ சும்மா கூடமாட ஒத்தாசை" என்றீர்கள். அவனுக்கு அந்தக் கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்புறம் நான் கேட்டதற்கு, "குடும்பத்துக்குள்ள என்னடி உன்னுது என்னுது" என்றீர்கள்.

உங்கள் கடிதத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அதனால் நினைவுபடுத்துகிறேன்.

இப்படிக்கு,
மகள்


பிப்ரவரி 3

அடி என் சின்னவளே,

என்னடி இது, "நீங்கள்" என்று? பேங்க் மேனேஜருக்கு விண்ணப்பம் எழுதுகிறாயா? நாலு திட்டு திட்டு, ஆனால் "நீ" என்று சொல்லித் திட்டு.

பழசையெல்லாம் காகிதத்தில் பேசி என்ன ஆகப்போகிறது. நேரில் வந்தால் பேசலாம். ப்ரைமர் விஷயத்துக்கு வருகிறேன்.

நீ சொன்னபடியே கழுவினேன், துடைத்தேன், தேய்த்தேன். ஒரு மட்கார்டுக்கு இரண்டு நாள் ஆனது. தோள்பட்டை கழன்றுவிட்டது. பெயிண்ட் கடைக்காரர் ப்ரைமரும் அதை இறுக வைக்கிற ஹார்ட்னரும் கொடுத்து, எவ்வளவுக்கு எவ்வளவு என்று டப்பாவில் கோடு போட்டுக் காட்டினார். "அம்மா, இது துணி தைக்கிற மாதிரி இல்ல, பிரிச்சுத் தைக்க முடியாது" என்றார். "நீங்க அளவ மட்டும் சொல்லிக் குடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்"னு சொல்லிவிட்டு வந்தேன். வாய் மட்டும் குறைச்சலில்லை எனக்கு.

அடித்தேன். மூக்கில் ஒரு துணியைக் கட்டிக்கொண்டுதான். முதலில் அழகாகத்தான் படிந்தது. ஒரு நிமிஷம் ஆவதற்குள் அங்கங்கே வட்டம் வட்டமாக விலகி, நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய ஆரம்பித்துவிட்டது. அம்மை போட்ட மாதிரி. அது மேல் இன்னொரு தரம் அடித்தேன், அதுவும் விலகியது. அழுகையே வந்துவிட்டது. இத்தனைக்கும் அடிப்பதற்கு முன்னால் நல்ல வெட்டுத்துணியாக எடுத்துத் தூசி போகத் துடைத்தேன். என்ன தப்பு செய்தேன்?

பதிலைச் சீக்கிரம் போடு.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
அம்மா


பிப்ரவரி 16

அம்மா,

வெட்டுத்துணியை எங்கிருந்து எடுத்தாய்? மிஷினுக்கு அடியில் இருக்கிற கூடையிலிருந்துதானே? மிஷின் எண்ணெய் சொட்டுகிற கூடை! துடைத்துத் துடைத்துப் பேனல் முழுக்க எண்ணெய் பூசிவிட்டு மேலே ப்ரைமர் அடித்திருக்கிறாய். இதற்கு மீன்கண் என்று பெயர். பட்டறையில் எல்லோருக்கும் ஒருமுறை வரும், ஆனால் தையல் மிஷினால் யாருக்கும் வந்ததில்லை. படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவள் என்ன என்று கேட்டாள். கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

நன்றாகக் காயவிட்டு, அவ்வளவையும் தேய்த்து எடுத்துவிட்டு, மறுபடி பசை எடு. இந்தத் தடவை புதுத் துணி. மிஷினில் உட்கார்ந்த அன்றைக்குப் பேனலைத் தொடாதே. கைரேகை பட்டாலும் போதும், கெடுத்துவிடும். கம்ப்ரஸர் டேங்க்கின் அடியில் ஒரு திருகு இருக்கும், அதைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை வடித்துவிடு. தரையில் தண்ணீர் தெளி, தூசி அடங்கும்.

கன்னை ஒரு சாண் தூரத்தில் பிடி. தூரம் போனால் மணல் மாதிரி சொரசொரக்கும், கிட்டே போனால் வழியும். பேனல் விளிம்புக்கு வெளியே விசையை அமுக்கி, மறு விளிம்பைத் தாண்டிய பிறகு விடு. மணிக்கட்டை ஆட்டாதே, தோளிலிருந்து கை முழுதும் நேராகப் போக வேண்டும். நீளமான தையலுக்குத் துணியைத் தள்ளிக்கொண்டே போவாயே, அந்த ஓட்டம்தான். ஒவ்வொரு வரியும் முந்தின வரியில் பாதியை மூட வேண்டும். முதல் பூச்சு லேசாக. கால் மணி நேரம் விட்டு அடுத்தது. மூன்று பூச்சு போதும்.

துணியைக் கட்டிக்கொண்டு அடித்தேன் என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் திக்கென்றது. ஹார்ட்னர் கலந்த ப்ரைமரின் புகையைத் துணி தடுக்காது. நுரையீரல் போனால் திரும்பி வராது, அம்மா. இதோடு ஒரு மாஸ்க் அனுப்புகிறேன், இரண்டு பக்கமும் புகை வடிகட்டுகிற டப்பா வைத்தது. அதைப் போடாமல் கன்னைத் தொடாதே. கொட்டகைக் கதவு இரண்டையும் திறந்து வை.

உன் தோள்பட்டைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

சின்னவள்


மார்ச் 2

என் தங்கமே,

"சின்னவள்" என்று எழுதியிருந்தாய். நாலு தடவை படித்தேன்.

மாஸ்க் வந்தது. போட்டுக்கொண்டு கண்ணாடியில் பார்த்தால் பூதம் மாதிரி இருக்கிறேன். டீச்சர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துப் பயந்தேவிட்டாள்.

வந்துவிட்டதடி! இரண்டு கதவும் டிக்கி மூடியும் முடிந்தது. ஒரு வழிசல் இல்லை, ஒரு புள்ளி இல்லை. நீ சொன்ன அந்தப் பாதிக்குப் பாதி மூடுகிற கணக்கு பிடிபட்டதும் கை தானாக ஓடுகிறது. காய்ந்த பிறகு விரலின் பின்பக்கத்தால் தடவிப் பார்த்தேன். உசத்தியான துணியைத் தடவுகிற மாதிரி இருந்தது. இந்த வயசில் எனக்குப் புதுசாக ஒன்று செய்ய வருகிறது என்று நினைக்கவே பெருமையாக இருக்கிறது. இன்னும் பானெட்டும் மட்கார்டுகளும் பாக்கி. ஏப்ரல் பத்தாம் தேதிக்குள் முடித்துவிட வேண்டும்.

சில சந்தேகங்கள். எபாக்ஸி ப்ரைமர் முதலில் போடாமல் நேராக இதையே அடித்ததற்குக் காரணம் என்ன? காய்ந்த பிறகு கனம் எத்தனை மைக்ரான் வரும்? வார்ப்பில் எத்தனை அடுக்கு நார் போட்டாய், எந்த வரிசையில் போட்டாய்? யாராவது கேட்டால் சொல்லத் தெரிய வேண்டுமே, அதற்காகத்தான். கொஞ்சம் விவரமாக எழுது.

மே மாதம் இங்கே வந்துவிட்டுப் போயேன். உன் அறையைப் பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா


மார்ச் 12

அம்மா,

மைக்ரான் என்ற சொல்லை நீ வாழ்நாளில் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்த அளவு இஞ்ச், விரற்கடை, சாண். உன்னிடம் நான் பத்து வயசிலிருந்து பட்டன்துளை போட்டவள், எனக்குத் தெரியாதா?

கையெழுத்து உன்னுடையது. கேள்வி அண்ணனுடையது. பக்கத்தில் உட்கார்ந்து சொன்னானா, துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தானா?

ஏப்ரல் பத்தாம் தேதி யார் வருகிறார்கள்?

மகள்


மார்ச் 20

சின்னவளே,

உன்னிடம் பொய் சொல்லி ஒரு நாளும் தப்பித்ததில்லை நான்.

ஆமாம். சீட்டில்தான் எழுதிக் கொடுத்தான். அவன் கம்பெனியில் பைபர்கிளாஸ் பிரிவுக்குப் புதுசாக ஒரு தலைவரைப் போடப்போகிறார்களாம். இந்த நாலு வருஷத்தில் அவன் சொந்தமாக ஒன்றும் செய்து காட்டவில்லை என்று மேலே முணுமுணுப்பு. "அந்தக் காரை முடிச்சிருப்பீங்களே, வந்து பாக்கறோம்"னு சொல்லிவிட்டார்களாம். என்னிடம் வந்து தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நடுவில் இந்த மாதம் ஒருநாள் அவனே கன்னைப் பிடித்துப் பார்த்தான். பானெட் முழுக்க வழிந்து ஓடியது. நான்தான் மூன்று நாள் உட்கார்ந்து தேய்த்து எடுத்தேன். உனக்கு எழுதலாம் என்று யோசனை சொன்னது அவன்தான். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டது நான். அது பொய்யில்லை. உன் கடிதம் வருகிற நாளில் மிஷினை மூடிவிட்டு உட்கார்ந்து படிப்பேனே, அதுவும் பொய்யில்லை.

அவனுக்கு இரண்டு குழந்தைகள். இருக்கிற வேலையும் போனால் எங்கே போவான்? உனக்குக் கைத்தொழில் இருக்கிறது, எந்த ஊரில் இறக்கிவிட்டாலும் பிழைத்துக்கொள்வாய். அவனுக்கு என்னை விட்டால் யார்? நீயும் ஒருநாள் தாயானால் தெரியும்.

கோபித்துக்கொள்ளாதே. பானெட்டை நேற்று மறுபடி அடித்தேன். காய்ந்துகொண்டிருக்கிறது.

அம்மா


மார்ச் 29

அம்மா,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன்.

"உனக்குக் கைத்தொழில் இருக்கிறது" என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு வந்தவர்களிடம் நீ சொல்லியிருக்க வேண்டியது அந்த ஒரு வரிதான். அவனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், அதனால் அவனுக்குக் கொடு என்கிறாய். கற்றுக்கொண்டதற்குத் தண்டனை மாதிரி இருக்கிறது. உன்மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம் வருகிறது, என்ன செய்வதென்று தெரியவில்லை.

ஆனாலும் பாதியில் விட மாட்டேன். பேனல்கள் எனக்குத் துரோகம் செய்யவில்லை. எல்லாம் நன்றாகக் காய்ந்த பிறகு, கறுப்பு ஸ்ப்ரே டப்பாவை எட்டப் பிடித்து ப்ரைமர்மேல் லேசாகத் தூவு, புகை படிந்த மாதிரி இருந்தால் போதும். பிறகு கட்டையில் 400 நம்பர் உப்புத்தாளைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் தேய். மேடான இடத்தில் கறுப்பு உடனே போய்விடும். பள்ளத்தில் மட்டும் நிற்கும். கறுப்பு முழுதும் போகிறவரை கட்டையால்தான் தேய்க்க வேண்டும், விரலை வைத்து அமுக்கித் தேய்த்தால் இன்னொரு பள்ளம் விழும். தேய்த்துத் தேய்த்து வெள்ளை தெரிந்துவிட்டால் நிறுத்திவிட்டு, அங்கே மறுபடி ப்ரைமர் அடி.

இதோடு நார் அடுக்குகளின் வரிசையும் வரைந்து வைத்திருக்கிறேன். அவனிடமே கொடு. அவன் வேலை போக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அவர்கள் வரும்போது, அவன் முன்னாலேயே, "இது என் மகள் செஞ்ச காரு" என்று ஒரு தடவை சொல். அவனும் சேர்ந்து செய்தான் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள். எனக்கு ஆட்சேபணை இல்லை. என்னையும் சொல், அவ்வளவுதான். சொன்னாய் என்று ஒரு வரி எழுது, மே மாதம் வருகிறேன். கலரை நாம் இரண்டு பேரும் சேர்ந்து அடிக்கலாம். லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

சின்னவள்


ஏப்ரல் 14

என் கண்ணே,

இதை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

மூன்று பேர் வந்தார்கள். பேனல்களை எல்லாம் மாட்டி, காரைக் கொட்டகைக்கு வெளியே தள்ளி வைத்திருந்தோம். சாம்பல் நிறத்தில், ஒரு சுருக்கம் இல்லாமல் நின்றது. நான் புதுப் புடவை கட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். நீ சொல்லச் சொன்னதை மனசுக்குள் பத்து தடவை சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

அவர்களில் வயசான ஒருவர் காரைச் சுற்றி வந்தார். பானெட் பக்கத்தில் நின்று விரலின் பின்பக்கத்தால் தடவினார். நான் தடவுவேனே, அதே மாதிரி. குனிந்து வெளிச்சத்தில் பார்த்தார். "காரை விடுங்க, இந்த ப்ரைமர் வேலை ரொம்ப சுத்தமா இருக்கே. யார் அடிச்சது?" என்றார்.

"நான்தான் சார். லீவு நாளெல்லாம் இதுலயே உக்காந்தேன்" என்றான் உன் அண்ணன். கண்ணை இமைக்கவில்லை.

மூன்று மாதம்டி. தோள் வீங்கி, நகம் தேய்ந்து, எண்ணெய் போட்ட மிஷினைத் தொடாமல், வந்த தையலைத் திருப்பி அனுப்பி அடித்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை அவன். அந்தப் பெரியவர்தான் பார்த்தார். என் கையைப் பார்த்தார். நகக்கண் எல்லாம் சாம்பல் நிறம், எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. "உங்க கையில என்னம்மா?" என்றார்.

"வீட்டுக்குள்ள சுவத்துக்குப் பெயிண்ட் அடிச்சேன் சார்" என்றேன்.

அவர் இன்னும் கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். அப்புறம் அவரும் போய்விட்டார். அவர்கள் போனதும் உன் அண்ணன், "நல்லா சமாளிச்சம்மா" என்றான். பதவி அவனுக்குத்தான், மறுநாளே சொல்லிவிட்டார்கள்.

நான் கொட்டகையில் போய் உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு ரெசின் கையோடு நீ நின்றாயே, உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று இப்போதுதான் எனக்கு உறைக்கிறது. இத்தனை நாள் புரியவில்லை, இப்போது புரிகிறது. உன்னைப் போலத்தான் நானும் ஆகிவிட்டேன். நாம் இரண்டு பேரும் ஒன்றுதான். என்னைத் திட்டவாவது வா. மே மாதம் வந்துவிடு.

உன் வரவையே பார்த்திருக்கும்,
அம்மா


ஏப்ரல் 26

அம்மா,

உன் கடிதம் வந்து மூன்று நாள் ஆகிறது.

நாம் இரண்டு பேரும் ஒன்று இல்லை. அன்றைக்கு நான் சொல்ல வாயெடுத்தேன், நீ அடக்கினாய். உன்னை யாரும் அடக்கவில்லை. அந்த மனிதர் உன் கையைப் பார்த்து, நீ சொல்ல வேண்டும் என்றே கேட்டிருக்கிறார். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டாய்.

என்னைச் சொல்லவில்லை என்பதில் எனக்கு அதிர்ச்சி இல்லை. நீ சொல்ல மாட்டாய் என்று கொஞ்சம் தெரிந்துதான் கேட்டேன். ஆனால் உன்னையாவது சொல்லியிருக்கலாம், அம்மா. "நான்தான் அடிச்சேன் சார்" என்று உனக்காகச் சொல்லியிருந்தால் போதும், என்னைப் பற்றிய பேச்சே வராமல் இருந்திருந்தாலும் நான் ஓடி வந்திருப்பேன். அவ்வளவு நன்றாக அடித்திருக்கிறாய். உனக்காக நீயே பேச மாட்டாய் என்றால் அந்த வீட்டில் நான் யாரை நம்பி வந்து நிற்பேன்?

உனக்குப் புரிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். அவன் உன்னை மறைத்த அந்த நிமிஷம் உனக்கே வலித்தும் பொய்தான் சொன்னாய். அதை மறுபடி படிக்க என்னால் முடியவில்லை.

இனி எழுத வேண்டாம். டீச்சரையும் தொந்தரவு செய்யாதே, நான் வேறு அறைக்குப் போகிறேன், அந்த முகவரி அவளிடம் இருக்காது. உடம்பைப் பார்த்துக்கொள்.

மே மாத லீவுக்கு எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தை நேற்று ஆபீஸில் கேட்டுத் திருப்பி வாங்கிக்கொண்டேன்.

மகள்